ஓல்டு வண்ணாரப்பேட்டைல கடக்கால் எடுக்கறதுக்கு முன்னாடி ஜி.பி.ஆர். ஸ்கேன் அவசியமா?

பழையவண்ணை_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.சி.ரோட்டுலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல எங்க பாட்டி வீடு இருக்கு, ஓட்டு வீடு, அத இடிச்சிட்டு கீழ வண்டி நிறுத்த இடம் விட்டு மேல ரெண்டு மாடி எடுக்கலாம்னு பிளான் அப்ரூவல் வரைக்கும் முடிச்சாச்சு. மனை முன்பக்கம் 17 அடி, நீளம் 52 அடி, ரெண்டு பக்கமும் பொதுச்சுவரு, ஒரு பில்லர இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகத்தறதுக்கே இடம் கம்மி.

இப்ப பிரச்சனை என்னன்னா, பின்கட்டுல ஒரு உறை கிணறு இருந்துச்சாம், மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் வந்தப்புறம் அத மூடிட்டாங்களாம். எங்க இருந்துச்சுன்னு கேட்டா வீட்டுல ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க. அத்தை துணி தொவைக்கிற கல்லுக்கு பக்கத்துலன்னு சொல்றாங்க, சித்தப்பா இல்லவே இல்ல இப்ப இருக்கற சமையல்கட்டுக்கு அடியிலதான்னு அடிச்சு சொல்றாரு. பாட்டி இருந்திருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, போன வருஷம் எங்க சந்துல ஒருத்தர் சாக்கடை கனெக்‌ஷனுக்கு தோண்டும்போது ஜேசிபி பக்கெட்டு ஈ.பி. கேபிள இழுத்து விட்டுடுச்சு, தெருவே ராத்திரி பூரா இருட்டு, நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதப் பாத்ததுலேர்ந்து அப்பாவுக்கு பயம்.

இன்ஜினியர் "தோண்டறதுக்கு முன்னாடி ஜி.பி.ஆர். ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம்"னு சொல்றாரு. ஜி.பி.ஆர்.னா தரைக்கு மேல ஒரு வண்டிய ஓட்டி, ராடார் அலைய வச்சு கீழ புதைஞ்சிருக்கறத பாக்கறதாம். அதுக்கு கேட்ட தொகைய சொன்னா மேஸ்திரி சிரிக்கிறாரு, கடப்பாரைக்கு தெரியாததா அந்த வண்டிக்கு தெரியப்போகுதுங்கறாரு. இவ்ளோ சின்ன மனைக்கு இது தேவையா? கிணறு நெஜமாவே தெரியுமா? இல்ல காசு கரியாகற வேலையா? யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.


தண்டையார்பேட்டை_சைட்டு:

பாஸ், உங்க இன்ஜினியர் சொன்னது சரிதான், ஆனா முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கணும், சாயில் டெஸ்ட் வேற இது வேற. சாயில் டெஸ்ட்டுல போர் போட்டு, சுத்தியல் அடிச்சு எத்தன அடிக்கு எவ்ளோ எறங்குதுன்னு பாத்து என்-வேல்யூ எடுப்பாங்க, மண்ணு எவ்ளோ பாரம் தாங்கும்னு அதுதான் சொல்லும். ஜி.பி.ஆர். பாரத்த பத்தி ஒரு வார்த்த சொல்லாது. போர் போட்ட அந்த ஓட்டைல என்ன இருக்குன்னு மட்டும் சாயில் டெஸ்ட்டுக்கு தெரியும், அதுலேர்ந்து நாலு அடி தள்ளி ஒரு கிணறு இருந்தா அதுக்கு தெரியவே தெரியாது. அந்த இடைவெளிக்குத்தான் ஜி.பி.ஆர்.

பாக்கறதுக்கு குழந்தை தள்ளுவண்டி மாதிரி சக்கரம் வச்ச வண்டி, அடியில ஆன்டெனா, தரையோட ஒட்டி ஓடும். ரேடியோ அலைய துடிப்பு துடிப்பா மண்ணுக்குள்ள அனுப்பும், உள்ள ஒரு பொருள் முடிஞ்சு இன்னொரு பொருள் ஆரம்பிக்கற எடத்துல கொஞ்சம் அலை திரும்பி வரும், போய் வர எத்தன நானோசெகண்ட் ஆச்சுன்னு பாத்து ஆழம் கணக்கு போடறாங்க. பைப்போ கேபிளோ இருந்தா ஸ்கிரீன்ல நடுவுல மேடா ரெண்டு பக்கமும் கீழ எறங்கற வளைவா வரும். ஏன் வளைவுன்னா அலை நேரா கீழ மட்டும் போறதில்ல, விரிஞ்சு போகுது, வண்டி பைப்புக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே சாய்வா அதப் பாத்துடுது, அப்ப தூரம் ஜாஸ்தி, நேரா மேல வரும்போது கம்மி, தாண்டினா மறுபடி ஜாஸ்தி. வளைவோட உச்சி எங்கயோ அங்கதான் பைப்பு. இதனாலதான் பைப்ப குறுக்க வெட்டற மாதிரி வண்டிய ஓட்டணும், பைப்பு போற திசையிலயே ஓட்டினா ஒரு கோடு வரும், அது மண் அடுக்கா பைப்பான்னு கண்டுபுடிக்க முடியாது.

உங்க கிணறு விஷயம் கொஞ்சம் வேற. மூடின கிணத்துக்கு அழகான வளைவு வராது. பக்கத்துல மண்ணு அடுக்கடுக்கா ஒழுங்கா போய்ட்டிருக்கும், கிணறு இருக்கற மூணு நாலு அடி அகலத்துக்கு மட்டும் அந்த அடுக்கு அறுந்து உள்ள ஒரே குழப்பமா இருக்கும், உறையோட ரெண்டு ஓரத்துலயும் சின்னச் சின்ன கீத்து தெரியலாம். மேல கல்லு போட்டு மூடி உள்ள காலியாவே விட்டிருந்தா பளிச்னு தெரியும், காத்துக்கும் மண்ணுக்கும் அவ்ளோ வித்தியாசம். சமையல்கட்டுக்கு அடியிலன்னு சித்தப்பா சொல்றது உண்மையா இருந்து அது காலியாவும் இருந்தா, இடிக்கறப்ப ஜேசிபி மேல ஏறும் பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்கு பயம்.

மேஸ்திரி மேல தப்பு இல்ல, அவரு கடப்பாரை போடற எடத்துல இருக்கறது அவருக்கு தெரியும். பில்லர் குழில பாதி கெட்டி மண்ணு பாதி கிணத்துல கொட்டுன குப்பன்னு வந்து, அது குழி அடிவரைக்கும் தெரியாமப் போச்சுன்னா, ரெண்டு மழைக்கு அப்பறம் ஒரு பக்கம் எறங்கும், பொதுச்சுவத்துல வெடிப்பு, அப்பறம் பக்கத்து வீட்டுக்காரங்களோட பஞ்சாயத்து.


கேபிள்_காசிமேடு:

தம்பி, நான் மின்வாரியத்துல கேபிள் ஜாயின்ட் போட்டுக்கினு இருந்தவன், இப்ப ரிட்டேர்டு. மிஷினெல்லாம் வரட்டும் வேணாங்கல, ஆனா கேபிளு சமாச்சாரத்துல சிலது தெரிஞ்சிக்கோ.

புக்குல இன்னா போட்டுக்குதுன்னா, வூட்டு கரண்டு போற எல்.டி. கேபிளு முக்கா மீட்டர் ஆழம், 11 கேவி 90 சென்டிமீட்டர், 33 கேவி ஒரு மீட்டருக்கு மேல 5 சென்டிமீட்டர். அதெல்லாம் போட்ட அன்னிக்கு. அப்பால ரோட்டு மேல ரோடு போட்டா கேபிளு தன்னால ஆழத்துக்கு பூடும், மழைநீர் வடிகால் கட்ட வந்தவன் குறுக்க வந்த கேபிள தூக்கி மேல வச்சிட்டு போனான்னா கை எட்டற ஆழத்துல கெடக்கும். அதனால ஆழத்த நம்பி கடப்பாரைய ஓங்காத. தோண்டிக்கினே வரும்போது நல்ல மணலு வந்து, அதும் மேல செங்கல்லு வரிசையா படுக்க வச்சிருந்தா அத்தோட கடப்பாரைய தூக்கி ஓரமா போட்டுடணும், அது கட்டடத்து செங்கல்லு இல்ல, கீழ கேபிளு கீதுன்னு சொல்றதுக்கு நாங்க அடுக்குனது. பாதிப்பேரு அத பழைய சுவருன்னு நெனச்சு ஒடச்சிக்கினு போவான்.

இன்னொரு விஷயம் எவனும் சொல்ல மாட்டான். ஜாயின்ட் போடற எடத்துல பின்னாடி உபயோகப்படும்னு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கேபிள வளையமா வுட்டு வச்சிருப்போம். ஒரு எடத்துல கேபிளு கண்டாச்சு, பத்து அடி தள்ளி இன்னொரு எடத்துல கண்டாச்சு, நடுவுல நேர்கோடா போவும்னு சுண்ணாம்புல கோடு இழுத்தீன்னா மாட்டிப்ப.

கேபிளுக்குன்னே தனியா லொக்கேட்டர்னு ஒரு கருவி கீது, குச்சி மாதிரி கைல புடிச்சிக்கினு போவாங்க. ஜங்ஷன் பாக்ஸாண்ட கிளாம்ப் மாட்டி சிக்னல் ஏத்தி வுட்டா அந்த குச்சி கேபிள் மேலயே கூட்டிக்கினு போவும். ராடார் வண்டிக்காரன் கைல அதுவும் கீதான்னு கேளு. ராடாரு இங்க ஏதோ கீதுன்னு சொல்லும், அதுல கரண்டு ஓடுதா செத்த கேபிளான்னு அதுக்கு தெரியாது. செத்த கேபிளுன்னு யார் சொன்னாலும் நம்பாத, ஏரியா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன்மேன் வந்து பாத்து சொன்னாத்தான் செத்த கேபிளு.


தேரடிக்காரன்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, நான் காசு குடுத்து பட்டவன் சொல்றேன். திருவொற்றியூர்ல கடலுக்கு கிட்டத்துல எங்க மாமா குடோன் கட்டறதுக்கு இத பண்ணாங்க. வந்தாங்க, வண்டிய நாலு தடவ இழுத்தாங்க, போய்ட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு கலர் கலரா படம் போட்ட ரிப்போர்ட்டு, "தடை எதுவும் காணப்படவில்லை"ன்னு ஒரு வரி. தோண்டுனா ஒண்ணரை மீட்டர்ல பழைய சிமெண்ட் பைப்பு, உள்ள சாக்கடத் தண்ணி ஓடிட்டிருக்கு. கேட்டதுக்கு அந்த ஆளு "சார் சாயில் கண்டிஷன் சார்"னு போன வச்சிட்டான். அந்தக் காசுக்கு நாலு ஆள வச்சு நாலு எடத்துல கையால தோண்டிப் பாத்திருக்கலாம். மேஸ்திரி சொல்றதுதான் என் ஓட்டு.


பெரம்பூர்_ஜியோபிசிக்ஸ்:

தேரடிக்காரன் சார், நான் இந்த வண்டிய தள்ளித்தான் சம்பளம் வாங்கறேன், அதனால கோவப்படாம சொல்றேன், உங்க மாமாவுக்கு நடந்தது நெஜமாவே நடக்கற விஷயம். மண்ணுமேல பழிய போட்டது பொய் இல்ல, ஆனா அத முன்னாடியே சொல்லாததுதான் அயோக்கியத்தனம்.

விஷயம் என்னன்னா இந்த அலைக்கு எமன் உப்புத்தண்ணி. மண்ணு துகளுக்கு நடுவுல இருக்கற தண்ணில உப்பு ஏறுனா மின்சாரம் நல்லா கடத்தும், கடத்துனா அலையோட சக்திய அதுவே முழுங்கிடும், திரும்பி வர ஒண்ணும் மிச்சம் இருக்காது. காஞ்ச மணல்ல 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ரெண்டு மூணு மீட்டர் வரைக்கும் சுகமா பாக்கும். அதே ஆன்டெனா கடல்தண்ணி ஊறுன மண்ணுல ஒரு முழம் போறதே கஷ்டம். களிமண்ணும் எதிரிதான், உப்பு அளவுக்கு இல்லன்னாலும் ஒரு மீட்டர்லயே மூச்சு வாங்கும். நம்ம பக்கம் ரெண்டும் இருக்கு. வடக்க மீஞ்சூர் வட்டாரத்துல நிலத்தடி நீர்ல கடல்தண்ணி ஏறுனது பல வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கரையோரம் பூரா எங்க எவ்ளோ உப்புன்னு தெருவுக்கு தெரு மாறும். பெரிய ஆன்டெனா போட்டா ஆழம் போகலாமேன்னு கேப்பீங்க, 100 மெகாஹெர்ட்ஸ் போட்டா நல்ல மண்ணுல ஆழம் போகும்தான், ஆனா சின்னச் சின்ன பைப்பெல்லாம் கண்ணுக்கு தெரியாது, உப்பு மண்ணுல அதுவும் பெருசா ஒண்ணும் கிழிக்காது.

அதனால "ஒண்ணும் இல்ல"ங்கறதும் "எனக்கு ஒண்ணும் தெரியல"ங்கறதும் ஒண்ணு இல்ல. ரிப்போர்ட்டுல "இந்த மனைல சிக்னல் இவ்ளோ ஆழம் வரைக்கும்தான் போச்சு, அதுக்கு கீழ நான் பொறுப்பு இல்ல"ன்னு ஆழத்தோட எழுதியிருக்கணும். எழுதலன்னா அந்த ரிப்போர்ட்ட வாங்காதீங்க. சார் மாமா கேஸ்ல 60, 70 சென்டிமீட்டரோட சிக்னல் செத்திருக்கும், ஒண்ணரை மீட்டர் பைப்பு எப்படி தெரியும்.

ஆழக் கணக்குலயும் ஒரு குழி இருக்கு. மிஷின் அளக்கறது நேரம் மட்டும்தான், ஆழம் இல்ல. காஞ்ச மணல்ல அலை நானோசெகண்டுக்கு சுமார் 15 சென்டிமீட்டர் போகும், தண்ணி ஊறுன மணல்ல 6 சென்டிமீட்டர்தான். போய் வர 20 நானோசெகண்ட் ஆன ஒரு பைப்பு, மண்ணு காஞ்சிருந்தா ஒண்ணரை மீட்டர் ஆழத்துல இருக்கு, ஊறியிருந்தா 60 சென்டிமீட்டர்லயே இருக்கு. ஒரே படம், ஒரே பைப்பு! ஆபரேட்டர் மிஷின்ல இருக்கற நம்பர மாத்தாம போன வாரம் வேற ஊர்ல வச்ச அதே வேகத்துல ஓட்டிட்டுப் போனா உங்க ஆழம் கோவிந்தா. அந்த வளைவோட வால் எவ்ளோ சரிவா எறங்குதுன்னு வச்சு வேகத்த கண்டுபுடிக்கலாம், இல்லன்னா ஆழம் தெரிஞ்ச ஒரு பைப்பு மேல முதல்ல ஓட்டி சரி பாக்கலாம். உங்க மனைல சாக்கடை சேம்பர் இருந்தா மூடிய திறந்து மேலேர்ந்தே டேப் விட்டு பைப்போட ஆழத்த அளந்து வச்சுக்கங்க, அதுவே நமக்கு ஸ்கேல். தயவு செஞ்சு உள்ள ஆள எறக்காதீங்க.

கேபிள் அய்யா சொன்ன லொக்கேட்டர் பாயிண்ட் நூத்துக்கு நூறு. ஆனா அது உலோகத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் தண்ணி பைப்பு, பழைய ஸ்டோன்வேர் சாக்கடை, மூடின கிணறு, இதுக்கெல்லாம் லொக்கேட்டர் மௌனம், அங்கதான் ராடார் வேணும். ரெண்டும் சேந்து வரணும். இங்கிலாந்துல இந்த வேலைக்கே பி.ஏ.எஸ். 128ன்னு ஒரு தர அளவு 2014ல கொண்டு வந்து 2022ல திருத்தியிருக்காங்க, அதுலயே பழைய வரைபடத்த மட்டும் பாத்தா கடைசித் தரம், கருவி வச்சு கண்டுபுடிச்சா அதுக்கு மேல, தோண்டி கண்ணால பாத்தாத்தான் முதல் தரம். கருவிக்காரங்களே கருவிக்கு முதல் இடம் குடுக்கல. ஸ்கேன்ல சந்தேகம் வர்ற எடத்துல கையால ஒரு சோதனைக் குழி எடுங்க. கண்ட எடத்துல நாலு குழி எடுக்கறத விட, பாத்து வச்ச எடத்துல ஒரு குழி எடுக்கறது லாபம் இல்லையா.


தேரடிக்காரன்:

மேடம் இவ்ளோ தெளிவா அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நாங்க கையெழுத்தே போட்டிருக்க மாட்டோம். சரி, என் ஓட்டு இப்ப பாதி.


பழையவண்ணை_பேரன்:

எல்லாருக்கும் நன்றி, அப்பாகிட்ட பூரா படிச்சுக் காமிச்சேன், கேபிள் அய்யா எழுதுனத மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஸ்கேன வீட்ட இடிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணுமா பின்னாடியா? ரெண்டாவது, மனைக்குள்ள மட்டும் போதுமா, சந்துலயும் எடுக்கணுமா? சாக்கடை கனெக்‌ஷன் புதுசா எடுக்கணும், அதுக்கு சந்துல வெட்டித்தான் ஆகணும்.


பெரம்பூர்_ஜியோபிசிக்ஸ்:

சுவருங்க நிக்கறப்ப வண்டிய திருப்பவே எடம் இருக்காது, ஒரு ரூமுக்குள்ள நாலு கோடு ஓட்டி என்ன தெரியப்போகுது. இடிச்சிட்டு ஓட்டலாம்னா செங்கல் சல்லி மேடும் பள்ளமுமா கெடக்கும், ஆன்டெனா தரையில ஒட்டாம ஆடும், மேல இருக்கற இடிசல்லயே அலை பூரா சிதறிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சரியான நேரம் இருக்கு. சுவத்த மட்டும் ஆள வச்சு எறக்கி, இடிசல வாரி வெளிய போட்டு, பழைய தரைய அப்படியே விட்டு வச்சுக் கூப்பிடுங்க. சுண்ணாம்பு ஜல்லித் தரை, சிவப்புத் தரை எல்லாம் ராடாருக்கு பிரச்சனையே இல்ல, சமமா இருக்கும், நல்லா ஓடும். கம்பி போட்ட கான்கிரீட் தரைன்னாத்தான் தலைவலி, கம்பி நெருக்கமா இருந்தா கீழ இருக்கறத மறைச்சிடும். பின்கட்டுல கோடுகளுக்கு நடுவுல அரை மீட்டர் மேல இடைவெளி விடாம, நீளவாக்குலயும் குறுக்குலயும் ரெண்டு பக்கமும் ஓட்டச் சொல்லுங்க, கிணறு அகலமே ஒரு மீட்டர்தான் இருக்கும்.

கிணறு எங்கன்னு தெரியற வரைக்கும் பின்கட்டுல ஜேசிபி ஏற வேணாம்.

முடிஞ்சா வெயில் காலத்துல எடுங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்பறம் உங்க பக்கம் தண்ணி ரொம்ப மேல நிக்கும், அப்ப நான் வந்தாலும் பாதிதான் சொல்ல முடியும். சாயங்காலம் கெளம்பறதுக்கு முன்னாடி தரையிலயே பெயிண்ட்ல குறி போட்டுட்டுப் போகச் சொல்லுங்க, போட்டோ எடுத்து வச்சுக்கங்க. படம் மட்டும் மெயில்ல வந்தா மேஸ்திரி அத வச்சு என்ன பண்ணுவாரு பாவம்.

காசு விஷயம், பெரும்பாலும் வண்டியும் ஆளும் வந்து போறதுக்குத்தான் ஒரு நாள் வாடகை வாங்கறோம், உங்க மனை அரை நாள் வேலைகூட இல்ல. சந்துல வேற யாராவது கட்டப் போறாங்கன்னா சேந்து கூப்பிட்டு பங்கு போட்டுக்கலாம்.


கல்மண்டபம்_டீக்கடை:

நடுவுல ஒரு துண்டு போட்டுக்கறேன். நம்ம ராயபுரம் வண்ணாரப்பேட்டை பக்கம் ரோட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு ரோட்டுக்கே தெரியாது. வெள்ளக்காரன் காலத்து மதில் சுவரு ஓல்டு ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவுல இன்னும் நிக்குது, மீதி சுவரு எங்கெங்க புதைஞ்சு கெடக்கோ. ஏழு கிணறு தெருவுல 1772ல கிணறு வெட்டி கோட்டைக்கு தண்ணி கொண்டு போன ஊரு இது. வீட்டுக்கு ஒரு கிணறு இருந்த ஏரியா, இப்ப எத்தன மாடி வீடு கிணத்து மேல நிக்குதோ யாருக்குத் தெரியும். எங்க கடை பின்னாடியும் ஒண்ணு இருக்கு, நாங்க மூடல, கோடைல அதுதான் பாத்திரம் கழுவ.


தண்டையார்பேட்டை_சைட்டு:

சந்து விஷயத்துக்கு நான் சொல்றேன். ரோடு வெட்ட மாநகராட்சி பர்மிஷன் வேணும், ராயபுரம் மண்டல ஆபீஸ்ல கேளுங்க, சாக்கடை கனெக்‌ஷனுக்கு மெட்ரோ வாட்டர்தான். அது எல்லாம் ஒழுங்கா வாங்கினாலும் கீழ எது எங்க போகுதுன்னு காயிதத்துல இருக்கறதும் மண்ணுல இருக்கறதும் அக்கா தங்கச்சிகூட கிடையாது. அதனால சந்துல வெட்டப்போற அந்த ஒரு கோட்டுலயாவது ராடாரும் லொக்கேட்டரும் ஒரு தடவ ஓட்டிடுங்க, வண்டி எப்படியும் வீட்டு வாசலுக்கு வருது, நாலு கோடு சேத்து ஓட்ட மொணகினா டீ வாங்கிக் குடுங்க.

"கால் பிஃபோர் யூ டிக்"னு மத்திய அரசு 2023 மார்ச்ல ஒரு ஆப் விட்டாங்க, தோண்டப் போறவங்க எடத்த பதிஞ்சா அந்த எடத்துல கேபிளோ பைப்போ வச்சிருக்கறவங்களுக்கு தகவல் போற மாதிரி. உங்க கான்ட்ராக்டர அதுல பதியச் சொல்லுங்க, பதில் வந்தா லாபம், வரலன்னா நஷ்டம் இல்ல, எழுத்துல ஒரு ஆதாரம் இருக்கும்.

பக்கத்துல மெட்ரோ ரயில் சுரங்கம் போகுதான்னும் பாத்துக்கங்க. வண்ணாரப்பேட்டைலேர்ந்து தியாகராயா காலேஜ், தண்டையார்பேட்டை வரைக்கும் பூமிக்கு கீழதான் போகுது, அப்பறம் மேல ஏறி விம்கோ நகர் போகுது, 2021ல திறந்தது. சுரங்கம் பக்கத்துல மனை இருந்தா அவங்ககிட்ட தடையில்லா சான்று கேப்பாங்க, அதுக்கு ராடார் உதவாது, அது அவ்ளோ ஆழமெல்லாம் போகாது, அவங்க வரைபடம்தான் வேதம். இத படிக்கற வேற யாராவது தண்டையார்பேட்டை, மணலி பக்கம் கட்டறீங்கன்னா எண்ணெய் பைப்லைன் எங்க போகுதுன்னு முதல்ல விசாரிங்க, துறைமுகத்துலேர்ந்து மணலி ஆலைக்கு கச்சா எண்ணெய் போற பக்கம் அது. ஓரமா அடையாளக் கல்லு நட்டிருப்பாங்க, அதப் பாத்தா ராடாரும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்த கம்பெனி ஆள் வந்து நிக்காம ஒரு சட்டி மண்ணுகூட எடுக்கக் கூடாது.


பழையவண்ணை_பேரன்:

அப்டேட். நேத்து ஸ்கேன் முடிஞ்சுது. மேடம் சொன்ன மாதிரியே சுவத்த எறக்கிட்டு, சிவப்புத் தரைய விட்டு வச்சு கூப்டோம். வந்தவரு முதல்ல சாக்கடை சேம்பர் மேல ஓட்டி ஆழம் சரி பாத்துட்டுத்தான் மத்தத ஆரம்பிச்சாரு, நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே, அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துச்சு. சிக்னல் ஒண்ணே முக்கா மீட்டர் வரைக்கும் போச்சு, அதுக்கு கீழ தெரியலன்னு எழுதியே குடுத்துட்டாரு.

கிணறு அத்தை சொன்ன எடத்துலயும் இல்ல, சித்தப்பா சொன்ன எடத்துலயும் இல்ல. வடக்குப் பக்கம் பொதுச்சுவரு ஓரமா அடுக்கு அறுந்து குழப்பமா ஒரு எடம் வந்துச்சு, அங்க மேஸ்திரியே ஆசையா கையால தோண்டுனாரு, மூணு அடிலயே உறையோட விளிம்பு, செம்மண் கலர்ல சுட்ட உறை, வளைஞ்சு சுவத்துக்கு கீழ போகுது. அதாவது பாதிக் கிணறு எங்க மனைல, மீதி பக்கத்து வீட்டு சுவத்துக்கு அடியில! ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருந்த கிணறாம், பக்கத்து வீட்டு ஆயா வந்து எட்டிப்பாத்துட்டு "இதத்தான தேடறீங்க, என்ன கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"ன்னுச்சு. அப்பா மூஞ்சிய பாக்கணுமே.

உள்ள உடைஞ்ச ஓடு, பானை, கரி, மண்ணு எல்லாம் கலந்து லூசா இருக்கு. கடப்பாரைய விட்டா தானா எறங்குது. எங்க பிளான்ல ஒரு பில்லர் கரெக்டா அதுக்கு ரெண்டு அடி தள்ளி வருது. இத எப்படி மூடறது, மணல கொட்டி தண்ணி விட்டா போதுமா?


தண்டையார்பேட்டை_சைட்டு:

போதாது. மேல மேல கொட்டினா கீழ இருக்கற குப்பை அப்படியே இருக்கும், அதுதான எறங்கும். உள்ள இருக்கறத முடிஞ்ச ஆழத்துக்கு வாரி எடுக்கணும், ஆனா பக்கத்து சுவரு அதுமேல நிக்குது, மொத்தமா வாருனா சுவரு உக்காந்துடும், அதனால இன்ஜினியர் நேர்ல நிக்காம ஒரு கூடை எடுக்காதீங்க. சுவத்துக்கு முதல்ல முட்டு குடுக்கணும். உறைய உடைச்சு வெளிய இழுக்கற வேலையும் வேணாம், அது இருந்துட்டு போகட்டும், அதுதான் இப்ப மண்ணு சரியாம புடிச்சிட்டிருக்கு. வாரி எடுத்த வரைக்கும் சிமெண்ட் கம்மியான கான்கிரீட்ட அடுக்கடுக்கா ரொப்பறது நல்லது, சுவத்துக்கு கீழ இருக்கற இடுக்குலயும் போய் நெறையும். மணல் போட்டு தண்ணி விட்டு குத்தறது அந்த இடுக்குல முடியாது.

பில்லர் ரெண்டு அடி தள்ளி இருந்தாலும் அதோட ஃபுட்டிங், அதாவது மண்ணுக்குள்ள இருக்கற அகலமான அடிப்பாகம், எவ்ளோ அகலம்னு பாருங்க, ஓரம் கிணத்து மேல வந்தா அந்த பில்லர உள்ள தள்ளி, பீம் நீட்டி சுவத்த தாங்க விடலாம், இல்ல அந்த ஒரு எடத்துக்கு மட்டும் பைல், அதாவது ஆழமா எறக்கற கான்கிரீட் தூண் போட்டு கிணத்தோட அடிய தாண்டி எறக்கலாம். எதுன்னு சாயில் ரிப்போர்ட்டும் கிணத்தோட ஆழமும் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும், ராடார் ஒண்ணே முக்கா மீட்டரோட நின்னுடுச்சு, ஆழத்த கம்பி விட்டு குத்தித்தான் பாக்கணும். வரைபடத்த மாத்தறதுன்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோட மாத்துங்க, மேஸ்திரி வாய்வார்த்தைல வேணாம்.

பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இன்னிக்கே போட்டோ காமிச்சு, அவங்க பக்கத்து தரையிலயும் சுவத்துலயும் இப்ப இருக்கற வெடிப்ப எல்லாம் தேதியோட படம் எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க. அப்பறம் "உன்னாலதான் வெடிச்சுது"ன்னு வராது.


கேபிள்_காசிமேடு:

தம்பி, கேபிளு இன்னா ஆச்சு? அத சொல்லவே இல்லியே.


பழையவண்ணை_பேரன்:

மறந்தே போச்சு அய்யா. மனைக்குள்ள எதுவும் இல்ல, எங்க வீட்டு சர்வீஸ் ஒயர் மேல கம்பத்துலேர்ந்துதான் வருது. சந்துல ரெண்டு எடத்துல லொக்கேட்டர் கத்துச்சு, ஒண்ணு முக்கா மீட்டர், இன்னொண்ணு அரை மீட்டர்கூட இல்ல, வடிகால தாண்டற எடத்துல மேல தூக்கி வச்சிருக்காங்க போல, நீங்க சொன்னதேதான். சிவப்பு பெயிண்ட்ல குறி போட்டிருக்கு. திங்கக்கிழமை ஏரியா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறோம்.


கேபிள்_காசிமேடு:

எழுதிக் குடுத்துட்டு கையெழுத்து வாங்கின காப்பிய பத்திரமா வச்சுக்கோ. லைன்மேன் வர்ற அன்னிக்கு அந்த அரை மீட்டர் எடத்த முதல்ல காமி.